கண்ணாடி டாக்டர் எழுதிய சீட்டு

புதிதாகப் பிரசவ அறைக்குள் நுழைந்திருக்கும் இளம் டாக்டர்களான உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்கள். பொறுமை, கருணை, தூக்கம் கெடுவது இவற்றையெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் பொறாமையைப் பற்றிச் சொல்கிறேன். அதில் எனக்கு அனுபவம் அதிகம். நம் தொழிலில் அது இல்லாதவர் யாரும் இல்லை, ஒப்புக்கொள்கிறவர்கள்தான் குறைவு.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தேன். மதுராந்தகத்துப் பக்கம் நெல் வியாபாரிகள் வீட்டுப் பெண்கள் வருவார்கள். மாமல்லபுரத்திலிருந்து கடப்பாக்கம் வரைக்கும் கடலோரத்துக் குப்பங்களிலிருந்து பஸ் மாறி மாறி வருவார்கள். எனக்குக் கைராசி என்று பேர். அந்தச் சொல்லை லேசாக நினைக்காதீர்கள். படிப்பு, பட்டம், சுவரில் மாட்டிய சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகுதான். "பெரிய டாக்டரம்மா கை பட்டா போதும்" என்று யாரோ ஒருத்தி பஸ்ஸில் சொன்னால் அடுத்த வாரம் அந்த பஸ்ஸே வந்து இறங்கும். நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். கையில் ராசி இருப்பவளுக்குப் புத்தகம் எதற்கு?

அந்தக் காலத்தில் நாள் குறித்துச் செய்யும் சிசேரியன் என்றால் முதலில் வருவது ஜோசியர் சீட்டுதான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நேரம் எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். முப்பத்தெட்டு வாரம், சில சமயம் முப்பத்தேழு. நாளும் நட்சத்திரமும் ஒத்து வந்தால் நானும் வாரத்தைப் பெரிதாகப் பார்க்கமாட்டேன். அப்படி எடுத்த குழந்தைகளில் சில, பிறந்த அரை மணியில் முனக ஆரம்பிக்கும். மூக்குத் துவாரம் விரியும், விலா எலும்புக்கு இடையே தோல் உள்ளே இழுக்கும். காரணம் உங்களுக்குத் தெரியும். வயிற்றில் இருக்கும்வரை நுரையீரல் முழுக்க நீர்தான். வலி எடுத்துவிட்டால் உடம்பே அந்த நீரை வற்றவைக்கத் தொடங்கிவிடும். வலி வருவதற்கு முன்பே நாம் போய்க் கீறி எடுத்தால் அந்த வேலை பாதியில் நிற்கும்.

நான் அந்தக் குழந்தைகளை வேனில் போட்டுச் சென்னைக்கு அனுப்புவேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சிரித்துக்கொண்டு திரும்பிவிடும். 'சில பிள்ளைகள் அப்படித்தான்' என்பேன். ஒன்றே ஒன்று திரும்பவில்லை. அதற்கு இதயத்தில் ஏதோ குறை இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் பரிசோதித்துச் சொன்னதில்லை.

எட்டாம் மாதத்தில் வலி கண்டுவிட்டால் குழந்தையின் நுரையீரலைத் தயார் செய்யத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது எங்களுக்கும் தெரியும். முப்பத்தேழு வாரம் தாண்டிய பிள்ளைக்கு அது எதற்கு என்பதுதான் அப்போதைய நினைப்பு. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், நாள் குறித்துச் செய்யும் சிசேரியனுக்கு முன்னாலும் அந்த ஊசி போட்டால் மூச்சுத் தொல்லை குறைகிறது என்று மருத்துவப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார்கள். அந்தப் பத்திரிகை என் மேசைக்கும் வந்தது. உறை பிரிக்காமல் ஒரு வருஷம் அதன்மேல் காபி டம்ளர் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார்.

என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து போர்டு மாட்டினார். தடிமனான கண்ணாடி போட்டிருப்பார். ஊரில் யாருக்கும் அவர் பேர் வாயில் வரவில்லை, 'கண்ணாடி டாக்டர்' ஆகிவிட்டார். அவர் கணவர் குழந்தை மருத்துவர். வீட்டுக்குள்ளேயே ஒரு குழந்தை மருத்துவர்! என் கணவர் கல்லூரியில் கணக்கு வாத்தியார், காய்ச்சல் மாத்திரைக்கும் தலைவலி மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாது. அவர்மேல் எனக்கு முதல்முதலாகக் கோபம் வந்தது அந்த வருஷம்தான், பாவம்.

கண்ணாடி டாக்டர் ஜோசியர் சீட்டை வாங்கிப் பார்ப்பார், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். முப்பத்தொன்பது வாரத்துக்கு முன்னால் தொடமாட்டார். ஏதாவது காரணத்தால் முன்கூட்டியே எடுத்தே ஆகவேண்டும் என்றால், தாய்க்கு ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி, அதன்பிறகு ஒரு நாள் கழித்துத்தான் அறுவை. இப்படியெல்லாம் கெடுபிடி செய்தால் யார் போவார்கள் என்று நினைத்தேன். ஆனால் போனார்கள்.

எனக்கும் அவருக்கும் மயக்க மருந்து கொடுக்க வந்தவர் ஒரே டாக்டர். வட சென்னைக்காரர், ஸ்கூட்டரில் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் ஓடுவார். வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இன்னா மேடம், அங்க ஆறு மாசமா ஒரு கொயந்தகூட மெட்ராசு வேன் ஏறலை. பொறந்த ஒடனே வீல்னு கத்துது. ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்றப்ப கூட கேக்குது."

"ஸ்டீராய்டைக் குத்தித் தாய்க்குச் சர்க்கரையை ஏத்தினா கத்தாம என்ன செய்யும்?" என்றேன்.

நான் சொன்னதற்கு அர்த்தமே இல்லை. தாயின் சர்க்கரைக்கும் குழந்தையின் அழுகைக்கும் என்ன சம்பந்தம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அதோடு நிற்கவில்லை. பரிசோதனைக்கு வரும் பெண்களிடம், "அங்கே தேவையில்லாத ஊசியெல்லாம் போடுறாங்களாமே" என்று இழுப்பேன். மாலையில் காரில் வீட்டுக்குப் போகிறபோது நேர்வழியை விட்டுவிட்டு அவர் தெருவழியாகப் போவேன். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். இருபதுக்கு மேல் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வயிற்றெரிச்சல் என்று நம் ஆட்கள் பேர் வைத்தது சும்மா இல்லை, அது வயிற்றில்தான் எரிகிறது. இதற்கிடையில் என் பேரும் மாறிவிட்டது. "பெரிய டாக்டரம்மாகிட்ட" என்றவர்கள் "பழைய டாக்டரம்மாகிட்ட" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

இனி அஞ்சலை விஷயத்துக்கு வருகிறேன்.

அஞ்சலை கடப்பாக்கத்துக்காரி. புருஷன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். முதல் பெண் குழந்தையை நான்தான் சிசேரியன் செய்து எடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு முறை கரு கலைந்தது. ஏழு வருஷம் கழித்து உண்டானது இது. ஏழு மாதம் வரைக்கும் என்னிடம்தான் காட்டினாள். பிறகு ஆளைக் காணவில்லை. பங்குனி முடிய ஒரு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை மாலை, மாமியாரோடு வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை சித்திரை பிறக்கிறது.

"எங்கே இத்தனை நாளா?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் பேசினாள். மீன் கூடை சுமந்து காய்த்துப்போன தோள், குரலும் அப்படித்தான்.

"தப்புதாம்மா. பஸ்ஸுல எவளோ சொன்னான்னு அந்தக் கண்ணாடி டாக்டரம்மாகிட்ட போய்ட்டா. அது இன்னா சொல்லுது தெரியுமா? சித்திரை பொறந்து ரெண்டு வாரம் போவட்டும்ங்குது. சித்திரைல புள்ள பொறந்தா அப்பன் தெருவிலேன்னு நீ கேட்டதில்லையா? எம் புள்ள கடலுக்குப் போறவன். அவனுக்குத் தெருவும் இல்லம்மா, தண்ணிதான். சுனாமில படகு போச்சு, ஆளு மிஞ்சினான். இன்னொரு தபா அந்தக் கடல் தாயி உடுவாளா?"

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணப்பறம் ஒரு ஊசி போட்டுச்சு. நாளைக்கு இன்னொண்ணு போடணுமாம், அப்பால ஒரு நாள் பொறுக்கணுமாம். பொறுத்தா வெள்ளிக்கெயம ஆயிடும். அது சித்திரைதானே? ஜோசியரு நாளைக்குக் காலைல பத்தேகால்லேந்து பதினொண்ணுன்னு குடுத்துக்கிறாரு. நீ கைராசிக்காரி, பண்ணிக் குடும்மா."

அஞ்சலை கையில் ஒரு சீட்டு இருந்தது. ஜோசியர் சீட்டு இல்லை. கண்ணாடி டாக்டர் எழுதியது. இவர்கள் எங்கே போவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அஞ்சலையும் படிக்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் எழுதியிருந்தார்.

'இந்த அம்மாவைப் பார்க்கும் மருத்துவருக்கு. முப்பத்தேழு வாரம், முன்பு ஒரு சிசேரியன். குழந்தையின் நுரையீரலுக்கான முதல் ஊசி இன்று காலை பதினொரு மணிக்குப் போட்டிருக்கிறேன். இரண்டாவது நாளை பதினொரு மணிக்கு. அதன்பின் ஒரு நாள் கழித்து அறுவை செய்வது நல்லது. இன்னும் காத்திருக்க முடிந்தால் மிகவும் நல்லது. மூச்சுத் தொல்லை வந்தால் கூப்பிடுங்கள், எங்களிடம் கருவி இருக்கிறது.'

முத்து முத்தான கையெழுத்து. படித்தேன். ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை, அதுதான் எரிந்தது. பெட்டிக்கடைக்காரனுக்குக் கடிதம் எழுதுவது மாதிரி எழுதியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரு குடும்பம், இதே முப்பத்தேழு வாரம், இதே சித்திரைப் பயத்தோடு வந்தது. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன், அவனுடைய அப்பா, அம்மா எல்லாரும் கெஞ்சினார்கள். நான் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வயதாக ஆக எனக்கும் கொஞ்சம் பயம் வந்திருந்தது. ஆகவே நான் அஞ்சலைக்கு ஒப்புக்கொண்டது சரி எது என்று தெரியாமல் அல்ல. கண்ணாடி டாக்டர் மறுத்தார் என்பதற்காகவே ஒப்புக்கொண்டேன். அங்கே போய்விட்டு என்னிடம் திரும்பி வந்த முதல் பெண் அஞ்சலை. அவளை விட எனக்கு மனம் வரவில்லை.

"நாளைக்குக் காலையில பத்தரைக்குள்ள எடுத்துடலாம்" என்றேன். சீட்டை மடித்து, மேசை இழுப்பறையில், மருந்துச்சீட்டுக் கட்டுகளுக்கு அடியில் போட்டு மூடினேன். மாமியார் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை பத்து முப்பத்திரண்டுக்குப் பையன் பிறந்தான். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அழுதான். நான் மயக்க மருந்து டாக்டரை நிமிர்ந்து பார்த்தேன், பார்த்தீர்களா என்கிற மாதிரி. தையல் முடிவதற்குள் முனகல் ஆரம்பித்துவிட்டது.

முதலில் அதைக் கேட்காத மாதிரி இருந்தேன். ஆக்சிஜன் வைக்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் விலா உள்ளே இழுத்தது, மூச்சு எண்ண முடியாத வேகம், உதடு நீலம் பாய ஆரம்பித்தது. நர்ஸை விட்டுச் சென்னை வேனுக்குப் போன் போடச் சொன்னேன். வேன் சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் நிற்கிறது, வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். வந்த பிறகு சென்னைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.

மயக்க மருந்து டாக்டர் குழந்தையின் முகத்தில் மாஸ்க் வைத்து, கையால் பலூனை அழுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம் இது? ரெண்டு தெரு தள்ளி மூச்சு மிஷின் கீது. தண்ணி பாட்டில்ல குமிழி உட்டுக்கினு சொம்மா கெடக்குது. மெட்ராசு இன்னாத்துக்கு?"

"அங்க இடம் இருக்காது."

"கேட்டீங்களா?"

"வேன் வந்துடும் சார். நீங்க அழுத்துங்க."

அவர் அழுத்தினார். என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன், குழந்தையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த வாசல்படி ஏறி, அந்தச் செருப்புகளைத் தாண்டி, என் கைராசி முனகிக்கொண்டிருப்பதை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதா? அதைவிட அறுபது கிலோமீட்டர் தூரம் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. பிறகு பதிவேட்டை வைத்துக் கணக்குப் பார்த்தேன். உதடு நீலமானதிலிருந்து நான் அசைந்ததுவரை பதினெட்டு நிமிஷம். இத்தனை வருஷத்தில் நான் செய்த அறுவைகளின் எண்ணிக்கை எனக்கு மறந்துவிட்டது. இந்தப் பதினெட்டு மறக்கவில்லை.

அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மாமியார் தலையை நீட்டினாள். நர்ஸ் தடுத்தும் நிற்கவில்லை.

"இன்னாம்மா, கொயந்த பூனமாறி மொனகுது?"

"கொஞ்சம் மூச்சுத் திணறல். சீக்கிரம் எடுத்ததால. நீங்கதானே நாள் குறிச்சுக் கொண்டாந்தீங்க" என்றேன். இதைச் சொன்னதற்காக எனக்கு இன்றைக்கும் நாக்கு கூசுகிறது.

அவள் சண்டை போடவில்லை. "நாங்க கேட்டோம்மா. நாங்க கேக்கத்தான் கேப்போம், எங்களுக்கு இன்னா தெரியும்? நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கம்முனு வூட்டுக்குப் போயிருப்பமே" என்றாள்.

அவ்வளவுதான். குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்தேன். மயக்க மருந்து டாக்டர் பலூனை அழுத்திக்கொண்டே கூட நடந்தார், நர்ஸ் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்தாள். காரை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அறுவை உடை, தலையில் தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. பங்குனி வெயிலில், காலை பதினொன்றரை மணிக்கு, நடுத்தெருவில் ஓடினேன். பூக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் வாசலில் அன்றைக்கும் செருப்பு குவிந்து கிடந்தது. மிதித்துக்கொண்டு ஏறினேன்.

கண்ணாடி டாக்டர் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தவர் குழந்தையை வாங்கிக் கணவரிடம் கொடுத்தார். இரண்டு நிமிஷத்தில் மூக்கில் குழாய் மாட்டி, பாட்டிலில் குமிழி வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சலை குழந்தையா?"

"ஆமாம்."

"ரெண்டாவது ஊசி போட்டீங்களா?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, உண்மையாகவே திறந்தேன். குமிழிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"போடல" என்றேன்.

"பரவாயில்ல மேடம். முதல் ஊசி போட்டு ஒரு நாள் கிட்ட ஆச்சே. அதுவாவது கொஞ்சம் வேலை செஞ்சிருக்கும்."

அதாவது, அந்தக் குழந்தையின் நெஞ்சுக்குள் நல்லதாக நடந்திருந்த கொஞ்சமும் அவர் செய்தது. அந்த நிமிஷத்தில்கூட எனக்குப் பொறாமைதான் வந்தது. நன்றி அதற்குப் பிறகு, மெதுவாக, வேறு பாதையில் வந்து சேர்ந்தது.

பையன் மூன்று நாள் அங்கே இருந்தான். நடுவில் சர்க்கரை ஒரு முறை இறங்கியது, அதையும் அவர்கள் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். அஞ்சலை முதல் இரண்டு நாள் தையலோடு என் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அவளிடமிருந்து சீம்பாலைப் பிழிந்து, எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு, நானே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நர்ஸை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மாலையில் காருக்குள் உட்கார்ந்து செருப்பு எண்ணின அதே வாசலில், நான் என் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். வெள்ளிக்கிழமை வருஷப்பிறப்பு. கண்ணாடி டாக்டர் சின்னக் கிண்ணத்தில் மாங்காய்ப் பச்சடி கொடுத்தார், வேப்பம்பூ தாராளமாகப் போட்டிருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இந்த அம்மாளுக்கு வராதது ஏதாவது உண்டா என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பையன் என் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினான். வரும்போதே ஊரைக் கூட்டினான். மாமியார் அவனை என் மடியில் வைத்தாள்.

"உன் கைராசிம்மா. உன் கையாலதான் பொழச்சான்."

அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. இரண்டு வருஷமாக நான் ஏங்கின வார்த்தை அதுதான். இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து சீட்டை எடுத்து அஞ்சலையிடம் கொடுத்தேன்.

"இதை நான் படிச்சுட்டு உள்ள போட்டுட்டேன். அவங்க சொன்ன மாதிரி செஞ்சிருந்தா பையனுக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது. அவங்க முடியாதுன்னதாலதான் நான் முடியும்னு சொன்னேன். மூச்சு முட்டினப்புறமும் அங்க தூக்கிட்டுப் போகப் பதினெட்டு நிமிஷம் கௌரவம் பார்த்தேன்."

அஞ்சலை சீட்டைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள்.

"கண்ணாடி டாக்டரம்மா வேற மாதிரி சொல்லிச்சேம்மா" என்றாள். "இன்னிக்குக் காலைல அங்க கொயந்தைக்குப் பால் குடுக்கப் போனப்ப சொல்லிச்சு. 'உங்க பெரிய டாக்டரம்மா தன் கையால தூக்கினு ஓடியாந்தாங்க. மெட்ராசுக்கு அனுப்பியிருந்தா வழியிலயே போயிருக்கும். இந்த வயசுல அந்த வெயில்ல யாரு ஓடுவா'ன்னுச்சு."

பதினெட்டு நிமிஷம் பற்றி அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மயக்க மருந்து டாக்டரின் வாயைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே. எல்லாம் தெரிந்துதான் அப்படிச் சொல்லியிருக்கிறார். 'பெரிய டாக்டரம்மா' என்ற என் பழைய பேரையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதுவரை எனக்கு அவருடைய கூட்டத்தின்மேல், அவருடைய கருவியின்மேல், அவர் கணவர்மேல் பொறாமை. அன்றைக்குத்தான் அவர்மேலேயே வந்தது. அது கொஞ்சம் நல்ல ஜாதிப் பொறாமை என்று இப்போது நினைக்கிறேன், ஆனால் எரிச்சல் அதே அளவுதான்.

மாமியார் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பையனை என் மடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் சித்திரைக்குப் பயந்தேன். நீ அந்தம்மாவுக்குப் பயந்த. ரெண்டு பேருக்கும் நடுவுல இவன் மூச்சு வாங்கினான். போவட்டும் உடு" என்றாள்.

போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. அடுத்த வாரம் அந்தப் பத்திரிகையின் உறையைப் பிரித்தேன், காபி வட்டம் அட்டைவரைக்கும் ஊறியிருந்தது. அவசியமில்லாத அறுவையை முப்பத்தொன்பது வாரத்துக்கு முன்னால் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். அது முடியாத இடத்தில்தான் ஊசி. ஊசி இருக்கிறதே என்று நாளை முன்னால் இழுக்கிறவர்களும் உண்டு, அந்த ஆளாக ஆகிவிடாதீர்கள். காத்திருக்க வழியில்லாதபோதுதான் அதைத் தொடவேண்டும். அதன் நல்லது கெட்டதைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் காலத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள், என் பேச்சை நம்பாதீர்கள். பத்திரிகையின் உறையை மட்டும் பிரித்துவிடுங்கள்.

இன்னொன்றும் செய்தேன். என்னிடமிருந்து எந்தப் பெண் எங்கே போனாலும், சொல்லிக்கொண்டு போனாலும் சொல்லாமல் போனாலும், கையில் ஒரு சீட்டு இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். 'இந்த அம்மாவைப் பார்க்கும் மருத்துவருக்கு' என்றுதான் தொடங்குவேன். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், அதைவிட நன்றாக வரவில்லை.

அடுத்த வருஷம் மாமல்லபுரத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் முப்பத்தேழு வாரத்திலேயே எடுக்கவேண்டிய நிலை. முதல் ஊசியை நான் போட்டேன். அன்று மாலையே அவள் அண்ணன் வந்து, "கண்ணாடி டாக்டரம்மாகிட்டயே பாத்துக்கிறோம் மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றான். வயிறு குபீரென்று எரிந்தது. உட்கார்ந்து சீட்டு எழுதினேன். மணி, ஊசி, அழுத்தம், இரண்டாவது எப்போது, எல்லாம். கையெழுத்தை முடிந்தமட்டும் அழகாகப் போட்டேன், அப்போதும் அவருடைய மாதிரி வரவில்லை.

மூன்றாம் நாள் மயக்க மருந்து டாக்டர் அறுவை அறைக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அந்த மகாபலிபுரத்துப் பொண்ணு கொயந்தயப் பத்திக் கேக்கலையே மேடம்? தெருமுனை டீக்கடைக்கே கேட்டுது கத்தல்."

"கேக்காம என்ன? பாதி என் ஊசி" என்றேன். இந்த வார்த்தையை மூன்று நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார். "கொயந்த கத்துன ஒடனே அந்தம்மாவும் அதயேதான் சொல்லிச்சு. 'பாதி அவங்க ஊசி சார், மறக்காம போய்ச் சொல்லிடுங்க'ன்னு."

பாருங்கள், அதிலும் எனக்கு முன்னால் அவரே முந்திக்கொண்டுவிட்டார்.